மூன்று நெசவாளர் வீடுகள்: தட்சிணசித்ராவில் ஒரு ஞாயிறு

தென்னிந்தியாவின் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் பாதிக்கு மேல் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களாகத்தான் இருக்கும். தப்பில்லை, அழகான தூண்கள்தான். ஆனால் அதே வளாகத்துக்குள் மூன்று நெசவாளர் வீடுகளும் இருக்கின்றன. ஒன்று காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, இன்னொன்று கர்நாடகத்தின் இல்கல் ஊர் நெசவாளர் வீடு, மூன்றாவது தெலுங்கு நாட்டு இக்கத் நெசவாளர் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்றையும் என் அப்பா அம்மாவோடு பார்த்தேன். இருவரும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியோடு வாழ்ந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் வாயிலிருந்து வந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் தூண்களுக்கு இந்தப் பதிவில் அதிக இடம் கிடையாது.

போகாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது. சுமார் 10 ஏக்கர் இடம். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. பொதுமக்களுக்குத் திறந்தது 1996 டிசம்பரில். வளாகத்தைத் திட்டமிட்டவர் லாரி பேக்கர். குறைந்த செலவில் செங்கல் வீடு கட்டுவதற்குப் பேர்போன அதே பேக்கர். அந்த வேலையை அவருக்குப் பின் எடுத்துச் சென்றவர் பென்னி குரியகோஸ். தென்மாநிலங்களின் 18 வீடுகள் இங்கே நிற்கின்றன. பல வீடுகள், சொந்த ஊரில் இடிபடவிருந்த நிஜமான வீடுகள். அவற்றை விலைக்கு வாங்கி, உத்தரம், தூண், கதவு, நிலை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஏற்றி வந்து, அந்தந்த வட்டாரத்துக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். மண்சுவரைப் பெயர்த்துக் கொண்டுவர வழியில்லை. அப்படிப்பட்ட வீடுகளை அந்த ஊர் முறைப்படி இங்கேயே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் தாம்பரம் பக்கம் குடியிருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் முந்தின நாளே காஞ்சிபுரத்திலிருந்து வந்துவிட்டார்கள். என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்குத் திருவாரூர் பக்கம். என் வீட்டுக்காரர், பெரியவள், சின்னவன் எல்லோரும் சேர்ந்து ஒரு வாடகை வண்டி நிறைந்துவிட்டது. கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போய், முட்டுக்காடு பாலத்தைத் தாண்டினால் சீக்கிரமே வந்துவிடும். வழியெல்லாம் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். "பழைய வீட்டப் பாக்கறதுக்குக் காசு குடுக்கணுமா? நம்ம தெருவுக்கு வந்தா நானே காட்ட மாட்டேனா?"

அம்மாதான் பதில் சொன்னார். "நம்ம தெருவுல எங்க இருக்குது இப்போ? அத்தன வீடும் மாடி ஆயிடுச்சே."

அதற்கப்புறம் அப்பா அதைப் பேசவில்லை.

தமிழ்நாட்டுப் பகுதியில் செட்டிநாட்டு வீட்டு வாசலில் வழக்கமான கூட்டம். பர்மாத் தேக்குத் தூண், சித்திர வேலைப்பாடு உள்ள கதவு, பளபளக்கும் சுண்ணாம்புச் சுவர் எல்லாம் இருக்கின்றன. கடல் கடந்து வியாபாரம் செய்த பணம் அந்த வாசலிலேயே தெரிகிறது. குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அப்புறம் நெசவாளர் வீட்டுக்கு வந்தோம்.

உள்ளே போனதும் அப்பா சுவரைப் பார்க்கவில்லை, ஓட்டைப் பார்க்கவில்லை. நேராகத் தறிக்குப் போய்க் குழியை எட்டிப் பார்த்தார். "ஆழம் சரியாத்தான் எடுத்திருக்கான்" என்றார். வாசலிலிருந்து அதுவரை பேசாமல் வந்த மனிதர் அவர்.

"எதுக்குத் தாத்தா தரையில குழி?" என்று பெரியவள் கேட்டாள். அவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் புத்தகத்தில் தறியின் படம் பார்த்திருக்கிறாள், அதில் குழி இல்லை.

"நெய்யறவன் தரையில உக்காந்துக்குவான். காலு ரெண்டும் குழிக்குள்ள தொங்கும். கீழ மிதி இருக்கும் பாரு. நீளவாக்குல கட்டியிருக்கற நூலுதான் பாவு. ஒண்ண மிதிச்சா பாவுல பாதி இழை மேல போகும், பாதி கீழ எறங்கும். நடுவுல வழி கெடைக்கும். அந்த வழியில, குறுக்கு நூலக் கொண்டுபோற நாடாவ விடணும். அடுத்த மிதிய மிதிச்சா மேல இருந்தது கீழ வரும். மறுபடியும் நாடா. காலு ஒரு கணக்கு, கை ஒரு கணக்கு. ரெண்டும் பேசாம பேசிக்கணும்."

குழிக்கு இன்னொரு காரணமும் சொன்னார். மண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அந்த ஈரம் பாவில் ஏறும். பாவு காய்ந்துபோனால் இழை பட்டுப்பட்டென்று அறுந்துவிடும். அதனால்தான் சித்திரை வெயிலில் தறிக்கு அடியில் தண்ணீர் தெளிப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா தெளித்தது எனக்கு நினைவிருக்கிறது.

அதே குழிதான் மழைக்காலத்தில் சோற்றில் கை வைக்கும். ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் அடை மழை பெய்தால் குழிக்குள் தண்ணீர் ஊறிவிடும். இறைத்தால் மறுபடி ஊறும். தறி நின்றால் கூலி நிற்கும். தீபாவளிக்கு ஊரெல்லாம் பட்டு வாங்கி முடித்த பின்பு, அதை நெய்தவர்கள் வீட்டில் அரிசிக்குக் கடன் சொல்கிற மாதம் அது. அப்பா இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. குழியின் வறண்ட அடியைக் காட்டி, "இங்க தண்ணி நிக்காது, நல்ல எடம்" என்று மட்டும் சொன்னார். மீதியைப் பெரியவளுக்கு நான்தான் சொன்னேன்.

ஒரு நெசவாளர் வீட்டில் முதலில் இடம் ஒதுக்குவது தறிக்கு, மனிதர்களுக்கு அதற்கப்புறம்தான். கூடம் நீளமாக இருப்பதே பாவு நீளத்துக்காகத்தான். பிள்ளையார்பாளையத்து வீட்டில் தறி போக மிச்சமிருந்த இடத்தில்தான் சமைத்தோம், படித்தோம், படுத்தோம். தறிச் சத்தம் நின்றால்தான் எனக்குத் தூக்கம் கலையும். இந்தச் சுத்தமான, அமைதியான கூடத்தில் நின்றபோது எனக்கு உறைத்தது அந்தச் சத்தம் இல்லாததுதான்.

"உங்கம்மாவும் இதுல உக்காந்தவதான்" என்று அப்பா பெரியவளிடம் சொன்னார்.

இதை நான் என் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. மறைக்க ஒன்றுமில்லை, அந்தப் பேச்சு வரவில்லை, அவ்வளவுதான். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒரே நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஓட்ட முடியாது. ஓட்டினால் உடலின் நிறம் கரைக்குள் போய்விடும். அதனால் மூன்று நாடா. இந்தக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, அந்தக் கரைக்கு ஒன்று. நெய்கிறவர் உடல் நாடாவையும் தன் பக்கத்துக் கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். தூரத்துக் கரையில் ஒரு சின்ன ஆள் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கரையின் ஊடையும் (குறுக்கு நூலும்) உடலின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சின்ன ஆள் நான். விடுமுறை நாளில் காலையிலிருந்தே.

அம்மா அன்றைக்குக் கட்டியிருந்ததும் கோர்வைச் சேலைதான். மயில் கழுத்து நிறத்தில் உடல், அரக்கில் கரையும் முந்தியும். என் கல்யாணத்துக்காக அப்பா சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்தது. கூலிக்கு நெய்கிறவர்கள் வீட்டில் சொந்தத்துக்கு என்று ஒரு பாவு ஏறுவது அபூர்வம். அம்மா அதைத் தேர்ந்தெடுத்துத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கரையும் உடலும் சேரும் இடத்தை விரலில் எடுத்துப் பெரியவளிடம் நீட்டினார். அரக்குக் கரையிலிருந்து பல் பல்லாக உடலுக்குள் ஏறியிருக்கும் தாழம்பூ ரேக்கு. "தடவிப் பாரு. திருப்பியும் பாரு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். தச்சது இல்ல, ஒட்டுனது இல்ல. நெய்யும்போதே கோத்தது."

பெரியவள் நிறைய நேரம் அந்த இடத்திலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கை வலிச்சுதாம்மா?" என்றாள். வலித்தது என்றேன். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எட்டாம் வகுப்பு போனதும் என்னைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டவரும் அவர்தான். "நீ போய்ப் படி" என்று ஒரே வார்த்தை. அந்த இடத்தில் கூலிக்கு ஒரு ஆளை வைத்தார். அந்தச் செலவு அவருடைய கூலியிலிருந்துதான் போயிருக்கும். அதையும் அங்கேயே பெரியவளிடம் சொன்னேன், அப்பா காதில் விழும்படியாக.

சுவரோரம் ஒரு ராட்டை இருந்தது. எல்லோரும் தறியைச் சுற்றி நிற்க, அம்மா அதன் பக்கத்தில் போய் நின்றார். "இதப் பத்தி யாரும் கேக்க மாட்டீங்களே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விஷயம் சிரிப்பில்லை. நாடாவுக்குள் வைக்கும் தாரை, அதாவது நூல் சுற்றிய சின்னக் குழலை, யாராவது சுற்றித் தர வேண்டும். பட்டு இழை, ஜரிகை எல்லாவற்றையும் சிக்கில்லாமல், ஒரே இறுக்கத்தில் சுற்ற வேண்டும். இறுக்கம் மாறினால் துணியில் தெரிந்துவிடும். புதுப் பாவு வந்தால் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் அதைப் பிணைக்க வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் செய்வது.

"கூலி நோட்டுல உங்க தாத்தா பேரு மட்டுந்தான் இருக்கும்" என்றார் அம்மா. "ஒரு சேலைக்கு இவ்ளோன்னு போடுவாங்க. அதுல என் கையும் இருக்குது, உங்கம்மா கையும் இருக்குது."

அப்பா மறுக்கவில்லை. "பட்டு கர்நாடகாவுலேந்து வருது, ஜரிகை சூரத்துலேந்து வருது. நம்மளுதுன்னா கையும் காலுந்தான். அதுல பாதிக்கு மேல உங்க ஆயாவோடது" என்று பெரியவளிடம் சொன்னார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டார். ராட்டையின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "வாங்க, வெயில் ஏறிடும்" என்று முன்னால் நடந்துவிட்டார்.

அடுத்தது என் மாமியாரின் முறை. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீட்டுக்குள் போனதும் அவர் குரலே மாறிவிட்டது. அவர் பிறந்த வீட்டில் பத்தாயமும் உண்டு, குதிரும் உண்டு. பத்தாயம் மரத்தில் செய்தது, பெரிய வீட்டுக்கு. குதிர் மண்ணில் செய்தது, உறை உறையாக அடுக்கிச் சாணிபோட்டு மெழுகி வைப்பது. மேலே திறந்து நெல்லைக் கொட்டுவார்கள், எடுப்பது அடியில் இருக்கும் ஓட்டை வழியாக. வருடக் கடைசியில் அடியில் தங்கும் நெல்லைக் கூட்டி எடுக்க வீட்டிலேயே சின்னப் பிள்ளையை உள்ளே இறக்கிவிடுவார்களாம். "நான்தான் எறங்குவேன். உள்ள இருட்டா, கதகதன்னு, நெல்லு வாசனையா இருக்கும். கூப்பிட்டாகூட வெளிய வர மாட்டேன்" என்றார். சின்னவனுக்கு இந்த ஒரு கதை போதும். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் "இதுல பத்தாயம் எங்க?" என்றுதான் கேட்டான். கேரளப் பகுதியில் அவனுக்குப் பதில் கிடைத்தது. புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் வைக்கும் அறையே வீட்டின் முக்கியமான இடம், சுவரெல்லாம் மரம். என் மாமியார் அதைத் தட்டிப் பார்த்து, "இவங்க பணக்காரங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

அக்கிரகாரத்து வீடு, குயவர் வீடு, அய்யனார் கோயில் எல்லாம் பார்த்தோம். குயவர் சக்கரத்தில் சின்னவன் ஒரு அகல் செய்தான். செய்து காட்டியவர் அவன் கைமேல் தன் கையை வைத்து மண்ணை மேலே இழுத்த விதம் அவ்வளவு பொறுமை. வளாகத்துக்குள்ளேயே சாப்பாடு. மதியம் பறையும் கரகமும் இருந்தன, நிழலில் உட்கார்ந்து பார்த்தோம். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

ஆந்திரப் பகுதியில் சின்னவன் ஓடிப்போய் நின்றது வட்ட வீட்டின் முன்னால். சுட்டில்லு என்கிறார்கள். விசாகப்பட்டினம் பக்கத்துக் கடலோரக் கிராமங்களில் இருப்பது. வட்டமான மண்சுவர், தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து இறங்கும் கூரை. வங்கக் கடலின் புயல் நேராக வந்து மோதும் கரை அது. சதுர வீடாக இருந்தால் காற்று சுவரில் முட்டும். வட்ட வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். என் வீட்டுக்காரர் இதை அவனுக்கு விளக்க வீட்டைச் சுற்றி ஓடச் சொன்னார். "நீதான் காத்து, எங்கயாவது முட்டுதா பாரு." ஓடினான். முட்டவில்லை. இந்த விளக்கத்தை அவன் இனி மறக்க மாட்டான்.

இக்கத் நெசவாளர் வீட்டில் அப்பாவை விட அம்மாவுக்குத்தான் ஆர்வம். காஞ்சிபுரத்தில் டிசைன் தறியில் பிறக்கிறது. தறியின் மேலே பொருத்தும் துளையிட்ட ஜக்கார்டு அட்டை எந்த இழையைத் தூக்குகிறதோ அதன்படி பூ விழும். தெலங்கானாவின் நல்கொண்டா பக்கத்து இக்கத்தில் டிசைன் தறிக்கு வருவதற்கு முன்பே நூலில் இருக்கிறது. இழைகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, நிறம் ஏறக்கூடாத இடத்தில் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். அவிழ்த்து வேறு இடத்தில் கட்டி அடுத்த சாயம். நெய்யும்போது ஒவ்வொரு இழையின் நிறமும் தன் இடத்தில் வந்து உட்கார வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போவதால்தான் அந்தப் பூக்களின் ஓரம் லேசாகக் கலைந்த மாதிரி இருக்கும், அதுதான் அதற்கு அழகு. அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ இங்க நூலைக் கட்டறவங்கதான் கெட்டிக்காரங்க" என்றார். ராட்டையோரம் நின்று பேசியவர் வேறு எப்படிப் பார்ப்பார்!

மூன்றாவது வீடு இல்கல். வட கர்நாடகத்தில், பாகல்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது ஊர். கல்லுக்குப் பெயர் பெற்ற இடம், வீட்டிலும் கல்தான். அப்பாவுக்கு அந்த ஊர்ச் சேலையைப் பற்றித் தெரியாது. போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். உடல் பருத்தி, முந்தி பட்டு. கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, போனை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். உடலும் முந்தியும் சேரும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இங்க பாவே மாறுது" என்றார். "பருத்திப் பாவு முடிஞ்சு பட்டுப் பாவு ஆரம்பிக்குது. எப்படிச் சேக்கறாங்க?"

வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று கோப்பார்கள், 'தோப் தெனி' என்று அங்கே அதற்குப் பெயர் என்று சொன்னேன். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கோ தூரத்து ஊரில், பாஷை தெரியாத ஒருவர், தான் செய்த அதே வேலையை வேறு வழியில் செய்திருக்கிறார் என்ற சந்தோஷம். காஞ்சிபுரத்தில் இப்படிப் பாவைச் சேர்ப்பதற்குப் பெட்னி என்று பெயர். உடல் பாவின் ஒவ்வொரு இழையோடும் முந்திப் பாவின் ஒரு இழையைச் சேர்த்துக் கையால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அம்மாவின் முந்தியில் மயில் கழுத்து நிறம் முடிந்து அரக்கு தொடங்கும் இடத்தில், இரண்டு நிறமும் சேர்ந்து கொஞ்சம் தடித்து, நூலளவுக்கு ஒரு கோடு இருக்கும். அதுதான். இப்போதெல்லாம் அந்தக் கோடு உள்ள சேலையைப் பார்ப்பது குறைந்துவிட்டது. பெட்னி போட நேரம் ஆகும், அதற்கு ஏற்ற கூலி தருகிறவர்கள் குறைவு.

பெரியவள் செய்து காட்டச் சொன்னாள். திண்ணையில் உட்கார்ந்து, அப்பா தன் தோள் துண்டின் நுனியிலிருந்து இரண்டு இழைகளை உருவினார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த விபூதிக் காகிதத்தைப் பிரித்து, கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். "தறிகிட்ட சாம்பல் வெச்சிருப்போம். வேர்வையில வழுக்காது." இரண்டு நுனிகளையும் சேர்த்தார். விரல் ஒரு முறை முன்னால், ஒரு முறை பின்னால். அவ்வளவுதான். கொடுத்து இழுக்கச் சொன்னார். பெரியவள் இழுத்தாள், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். இழை வேறு இடத்தில் அறுந்தது, முறுக்கிய இடம் அப்படியே இருந்தது.

அவள் முயன்றபோது முறுக்கு உடனே பிரிந்துகொண்டது. "விரல் நுனியில புடிக்காத, கொஞ்சம் உள்ள தள்ளிப் புடி. அழுத்தாத, உருட்டு." அப்படியே சொல்லிச் சொல்லி, துண்டின் ஒரு ஓரத்துக் குஞ்சமே காலியான பிறகு ஒன்று நின்றது. அங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்த வேறு இரண்டு பிள்ளைகளும் அதற்குள் திண்ணையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் விபூதி தொட்டுக் கொடுத்தார். அப்பாவை நான் ஆசிரியராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் தறியை இறக்கி வருடங்கள் ஆகின்றன. பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறியது, கூலி ஏறவில்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியிருக்கிறது, ஆனால் பார்த்தால் பட்டுச் சேலை மாதிரியே இருக்கும் விசைத்தறிச் சேலைகள் சந்தைக்கு வந்துகொண்டேதான் இருந்தன. முட்டி வலியும் சேர்ந்துகொண்டது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அந்த வேலையைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. தறியைப் பற்றியும் பேசுவதில்லை. அவருக்குக் காட்ட ஒரு தறி கண் முன்னால் இல்லை, அவ்வளவுதான் விஷயம். இழையைத் தொடாமல் பெட்னியை எப்படி வாயால் விளக்குவது?

அதனால்தான் இப்படிப்பட்ட இடங்கள் வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டை இடம் மாற்றி நட்டவர்கள் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். இடிந்து விறகாகப் போயிருக்க வேண்டிய கதவுகளை என் பிள்ளைகள் திறந்து மூடினார்கள். ஆனால் குழிக்குள் தண்ணீர் ஊறியதையும், கூலி நோட்டில் யார் பெயர் இல்லை என்பதையும் வீட்டோடு சேர்த்துப் பெயர்த்து வர முடியாது. அதை அந்த வேலையைச் செய்தவர்கள்தான் கொண்டுவர வேண்டும். பாட்டி, தாத்தா, வயலில் நின்ற சித்தப்பா, பானை செய்த பெரியம்மா, யார் இருக்கிறார்களோ அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். நடக்க முடியாது என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உட்காரத் திண்ணைகள் நிறைய இருக்கின்றன, மெதுவாகப் போகலாம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். ஒரு நாள் முழுக்கத் தேவைப்படும். மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறினால் முட்டுக்காட்டில் இறங்கிக்கொள்ளலாம். வெயில் காலத்தில் பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தூரத்து வீடுகளைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் நிழலுள்ள முற்றங்களுக்கு வந்துவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் ராட்டினத்தைப் பார்த்துவிட்டால் அடம் பிடிப்பார்கள். எங்கள் சின்னவனும் கேட்டான். பானைச் சக்கரம் இருக்கிறது என்று சொல்லித்தான் உள்ளே அழைத்துப் போனோம்.

அடுத்த முறை பெரியப்பாவையும் கூட்டிப் போவதாக முடிவாகியிருக்கிறது. அப்பாதான் சொன்னார். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் அடை கட்டித்தான் பூ போடுவார்கள்; மேலே கட்டியிருக்கும் கயிறுகளை ஒரு ஆள் கணக்குப் பிசகாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். பெரியப்பா சின்ன வயதில் அந்தக் கயிறு இழுத்தவர். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பெரியவள் அவரிடம் கேட்பதற்கு இப்போதே ஒரு நோட்டில் கேள்விகள் எழுத ஆரம்பித்துவிட்டாள்.